பக்வீட் செடிய சிற்றினம் வரைக்கும் கண்டுபிடிக்கறது எப்படி: கணுவுல ஆரம்பிச்சு லேபிள் எழுதற வரைக்கும் முழு வழிகாட்டி

செடிய கையில குடுத்த உடனே முக்கால்வாசி பேர் பூவோட கலரைத்தான் பாக்கறாங்க. வெள்ளையா, பிங்க்கா, அப்புறம் இலை முக்கோணமா இருக்கா, அவ்வளவுதான், பேர் சொல்லிடறாங்க. பக்வீட்டுல இந்த ரெண்டும்தான் ரொம்ப ஏமாத்தற அடையாளங்கள். ஒரே வயல்ல ஒரே ரகத்துலயே வெள்ளைப் பூவும் பிங்க் பூவும் கலந்து கெடக்கும், இலை அடியில ஒரு மாதிரி நுனியில ஒரு மாதிரி இருக்கும்.

உத்தராகண்ட்ல முன்ஸ்யாரி பக்கம் மாணவர்களோட தொடர்ந்து போய்ட்டு வந்ததுல எனக்கு நல்லா புரிஞ்சது ஒண்ணு. அவங்க தப்பு பண்றது அறிவு இல்லாததால இல்ல, வரிசை மாறிப் போறதாலதான். கணு, கனி, பூ, வேர், கடைசியில பேர். இந்த வரிசையில போனா கஷ்டமே இல்ல, அதனால கீழ இருக்கறதையும் அதே வரிசையில படிங்க, நடுவுல தாண்டிப் போகாதீங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. பேர்ல வீட்னு இருந்தாலும் இது கோதுமைக்கு சொந்தமே இல்ல, புல் குடும்பமே கிடையாது. ரெண்டு விதையிலை உள்ள செடி, சுக்கான்கீரையோட குடும்பம். வடக்க நவராத்திரி விரதத்துல தானியம் சாப்பிடக்கூடாதுன்னு இருக்கறவங்க குட்டு மாவுல பூரி சுடறாங்களே, அந்த குட்டு இதுதான்.

1. போறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும், எப்ப போகணும்

பத்து மடங்கு பெருக்கற கை லென்ஸ், புது பிளேடு, மில்லிமீட்டர் கோடு தெளிவா தெரியற ஸ்கேல், ஒரு ஊசி, வெள்ளை பேப்பர், பழைய நியூஸ்பேப்பர் கட்டு, மண்ணை கிளற சின்ன களைக்கொத்தி, மூடி டைட்டா இருக்கற சின்ன பாட்டில்ல 70 சதவீத ஆல்கஹால், இவ்வளவு போதும். ஆல்கஹால் எதுக்குன்னா, பூவ பேப்பர்ல வெச்சு அழுத்தினா உள்ள இருக்கற தண்டெல்லாம் மடிஞ்சு ஒட்டிக்கும், வீட்டுக்கு வந்து பாத்தா எது நீளம் எது குட்டைன்னு சொல்லவே முடியாது. பாட்டில்ல போட்ட பூ அப்படியே நிக்கும்.

நேரம் ரொம்ப முக்கியம். பக்வீட் ஒரே சமயத்துல பூத்து ஒரே சமயத்துல முடிக்கற செடி இல்ல, அடியில கனி கறுத்துட்டு இருக்கும்போதே நுனியில பூ வந்துட்டே இருக்கும். அந்த கட்டத்துலதான் போகணும், பூவும் வேணும், முத்தின கனியும் வேணும். பூ மட்டும் இருக்கும்போது போனவங்க எல்லாரும் ரெண்டாவது தடவ போயிருக்காங்க. முன்ஸ்யாரி இருக்கற குமாவுன் மலையில ஆகஸ்ட் கடைசியில இருந்து செப்டம்பர்ல இது ரெண்டும் சேர்ந்து கெடைக்கும். காலையிலயே போங்க, ஒரு பூவோட ஆயுசு கிட்டத்தட்ட ஒரு நாள்தான், மதியத்துக்கு மேல வாட ஆரம்பிச்சிடும்.

இன்னொண்ணு, செடிய கிள்ளிட்டு வராதீங்க. வேரோட முழுசா எடுக்கணும், காரணம் ஆறாவது படியில வரும். விவசாயி நிலம்னா கேட்டுட்டுதான் எடுக்கணும், அவங்களே வயல் ஓரத்துல நிக்கற செடிய காட்டுவாங்க, கூடவே அது ஓகலா பாபரான்னும் சொல்லிடுவாங்க. அந்த பேரை அப்படியே நோட்ல எழுதிக்குங்க, பின்னாடி உங்க முடிவ சரிபாக்க அதவிட நல்ல சாட்சி கெடையாது. குமாவுன்ல ஓகல்னா சாதா பக்வீட், பாபர்னா கசப்பு பக்வீட். ஆனா நேபாளத்துல ரெண்டுக்குமே பாபர்தான், மிட்டே பாபர்னா இனிப்பு, தீத்தே பாபர்னா கசப்பு. அதனால பேரை மட்டும் எழுதாம எந்த ஊர்ல யார் சொன்ன பேர்னும் சேர்த்து எழுதுங்க.

2. மொதல்ல கணுவ பாருங்க

இலை தண்டுல ஒட்டற எடத்துல லென்ஸ வைங்க. தண்ட சுத்தி மெல்லிசா ஜவ்வு மாதிரி ஒரு உறை இருக்கும், சட்டைக் கை மணிக்கட்ட சுத்தி நிக்கற மாதிரி. இதுக்கு ஓக்ரியான்னு பேர், இலையடிச்செதில் ரெண்டும் சேர்ந்து குழாயா மாறினது. இது இருந்தா பாலிகோனேசியே, அதாவது சுக்கான்கீரை குடும்பம்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிடலாம்.

ஏன் இதுல ஆரம்பிக்கணும்னா பூ, கனி எதுவும் இல்லாட்டியும் சின்ன செடியில கூட இது இருக்கும், வெயில் குளிர்னு எதுக்கும் மாறாது. இளங்கணுவுல பாருங்க, அடிக்கணுவுல அது காஞ்சு கிழிஞ்சு போயிருக்கும், அத பாத்துட்டு இல்லைன்னு எழுதிடறது நான் அடிக்கடி பாக்கற தப்பு.

இப்ப அந்த உறையோட விளிம்ப பாருங்க. பக்வீட்டுல விளிம்பு சாய்வா வெட்டின மாதிரி இருக்கும், ஓரத்துல நீள மயிர் வரிசை இருக்காது. விளிம்புல கண்ணிமை மாதிரி மயிர் வரிசையா நின்னா அது பெர்சிகேரியாங்கற வேற பேரினத்து (ஜீனஸ்) பக்கம் போற செடி, அங்கயே நிறுத்திடலாம். ஆனா இத தலைகீழா போடாதீங்க. மயிர் இல்லைங்கறதால அது பக்வீட்னு ஆகாது, நம்ம ஊர்ல ஆத்தோரம் நிக்கற ஆற்றலரியும் பெர்சிகேரியாதான், அதுக்கும் விளிம்புல மயிர் கெடையாது. மயிர் இருந்தா கழிக்கலாம், இல்லைனா அடுத்த படிக்கு போகணும், அவ்வளவுதான்.

இணையத்துல காட்டு பக்வீட்னு தேடினா வர்ற படங்கள்ல நெறைய வட அமெரிக்காவோட எரியோகோனம். அதுவும் இதே குடும்பம்தான் ஆனா ஓக்ரியாவே கெடையாது, நம்ம செடியோட பேரினம் வேற. அந்த படத்த வெச்சு ஒப்பிட்டு குழம்பினவங்க நெறைய பேர்.

3. கனி வெளிய நீட்டிட்டு இருக்கா, உள்ள மறைஞ்சிருக்கா

நாம விதைன்னு சொல்றது உண்மையில கனி. ஒரே ஒரு விதை உள்ள இருக்கற, வெடிக்காத உலர்கனி, அக்கீன்னு சொல்வாங்க. கறுப்பு தோல் கனியோடது, உள்ள இருக்கறதுதான் விதை. இந்த வித்தியாசத்த மனசுல வெச்சுக்கலைன்னா புத்தகத்துல இருக்கற விவரிப்பு எதுவுமே பொருந்தாது.

முத்தின கனி ஒண்ண எடுத்து அடியில ஒட்டியிருக்கற பூவிதழோட சேர்த்து பாருங்க. பயிரா வளர்ற பக்வீட்டுல பூவிதழ் அஞ்சும் அடியில சின்னதா காஞ்சு ஒட்டிட்டு இருக்கும், முக்கோணக் கனி அதவிட்டு நல்லா வெளிய நீட்டிட்டு நிக்கும். இதுதான் பக்வீட்டோட ஃபேகோபைரம் பேரினத்துல நமக்கு அதிகமா கெடைக்கற பக்கம்.

இங்க மூணு செடி வந்து குறுக்க நிக்கும். மொதல்ல ஃபலோப்பியா கன்வால்வுலஸ், கோதுமை வயல் களை, இலை அப்படியே பக்வீட் மாதிரி இருக்கும், ஆங்கிலத்துலயும் இதை காட்டு பக்வீட்னுதான் சொல்றாங்க. ஆனா அது சுத்திப் படர்ற கொடி, கனிய பூவிதழ் மூடியே வெச்சிருக்கும். பக்வீட் தன்னால நிமிர்ந்து நிக்கற செடி, எதையும் சுத்தாது.

ரெண்டாவது பெர்சிகேரியா நேபாலென்சிஸ், மலை வயல்ல பக்வீட்டோட காலடியிலயே வளரும், இலையும் முக்கோணம் மாதிரிதான். பூ மொத்தமும் சின்ன உருண்டையா கூடி நிக்கும், பூவிதழ் நாலு பிளவு, கனி ரெண்டு பக்கமும் உப்பின பருப்பு மாதிரி தட்டை. நீலகிரியிலயும் இத பாத்திருப்பீங்க. மூணாவது ரூமெக்ஸ், நம்ம சுக்கான்கீரை கூட்டம். பூவிதழ் ஆறு, உள்பக்கம் இருக்கற மூணு மட்டும் பெருசா வளர்ந்து றெக்கை மாதிரி கனிய மூடிக்கும். எண்ணிப் பாத்தாலே போதும்.

சந்தேகம் தீரலைன்னா பிளேடு. கனிய ஒரு ராத்திரி தண்ணியில ஊற வெச்சு நடுவுல குறுக்கா வெட்டுங்க. வெள்ளை மாவுப் பகுதிக்கு நட்ட நடுவுல விதையிலை ரெண்டும் அகலமா மடிஞ்சு எஸ் எழுத்து மாதிரி ஓடும். மத்த பாலிகோனம், பெர்சிகேரியா கூட்டத்துல கரு ஓரமா ஒதுங்கி ஒல்லியா கெடக்கும். பேரினத்துக்கு இதவிட உறுதியான அடையாளம் எனக்கு தெரிஞ்சு இல்ல. மொத தடவை அந்த எஸ்ஸை லென்ஸ்ல பாக்கறப்ப பசங்க முகத்துல வர்ற வெளிச்சத்துக்காகவே நான் பிளேடு எடுத்துட்டுப் போவேன். ஊற வெக்காம வெட்டினா மாவு உதிர்ந்துடும், ஒண்ணும் தெரியாது, அவசரப்படாதீங்க.

4. கனியோட முனைய தடவிப் பாருங்க

பேரினம் முடிஞ்சது, இப்ப சிற்றினம் (ஸ்பீஷீஸ்). இங்கயும் பூவுக்கு முன்னாடி கனிதான், ஏன்னா கனி காய்ஞ்சாலும் மாறாது.

மூணு முனையும், அதாவது முகங்கள் சேர்ற விளிம்பு மூணும், அடியில இருந்து நுனி வரைக்கும் கத்தி மாதிரி கூர்மையா நேரா ஓடி, முகம் மூணும் வழவழன்னு இருந்தா ஃபேகோபைரம் எஸ்குலெண்டம், சாதா பக்வீட். கனி 5, 6 மில்லிமீட்டர் அளவுல இருக்கும்.

முகம் ஒவ்வொண்ணுலயும் நடுவுல நெடுக்க ஒரு பள்ளம் ஓடுதா, முனை மேல மட்டும் கூரா இருந்து கீழ வர வர மழுங்கி உருண்டு போகுதா, சில நேரம் அலை அலையா நெளிஞ்சிருக்கா, மேல்பரப்பு சாம்பல் கலந்த மங்கல் நிறமா இருக்கா, அப்ப அது ஃபேகோபைரம் டாட்டாரிகம், கசப்பு பக்வீட். கண்ண மூடிட்டு விரல்ல உருட்டினாலே தெரியும், எஸ்குலெண்டம் குத்தும், டாட்டாரிகம் உருளும்.

கனி கூர்முனையா எஸ்குலெண்டம் மாதிரியேதான் இருக்கு ஆனா 6ல இருந்து 8 மில்லிமீட்டர் வரைக்கும் பெருசா, பளபளப்பு இல்லாம இருக்குன்னா அவசரப்பட்டு எஸ்குலெண்டம்னு எழுதாதீங்க, மூணாவது ஆள் ஒருத்தர் இருக்கார், வேரை பாக்கற படியில வருவார்.

இங்க நடக்கற பெரிய தப்பு, முத்தாத பச்சைக் கனிய வெச்சு முடிவு பண்றது. பிஞ்சுல டாட்டாரிகத்துக்கும் பள்ளம் ஆழமா தெரியாது. கறுத்தோ பழுப்பாவோ ஆனத மட்டும் எடுங்க.

டாட்டாரிகம்னு பட்டா கசப்ப வெச்சு சரிபாக்கலாம். கனிய உடைச்சு உள்ள இருக்கற மாவ கொஞ்சம் தண்ணி விட்டு குழைச்சு சில நிமிஷம் வெச்சுட்டு நுனி நாக்குல வைங்க. காஞ்ச மாவு அவ்வளவா கசக்காது, தண்ணி பட்டதும்தான் அதுல இருக்கற ருட்டின்ங்கற பொருளை அந்த விதையோட நொதியே உடைச்சு குவெர்சிட்டினா மாத்தும், கசப்பு ஏறும். ஆனா பக்வீட்டுக்கு கடுமையான அலர்ஜி இருக்கறவங்க உண்டு, மாவுத்தூசி மூக்குல போனாலே மூச்சு திணறும். அதனால குழுவுல இதுவரைக்கும் பக்வீட் சாப்பிடாதவங்க இருந்தா அவங்கள ருசி பாக்கச் சொல்லாதீங்க, இதுல நான் விட்டுக் கொடுக்கறதே இல்ல. கனி அடையாளமே போதும், நாக்கு கட்டாயம் இல்ல.

5. இப்பதான் பூ, அதுவும் கலர் இல்ல, உயரம்

ஒரு பூவ எடுத்து விரிச்சுப் பாருங்க. பூவிதழ் 5, மகரந்தத்தாள் (மகரந்தம் தர்ற ஆண் உறுப்பு) 8, வெளிய அஞ்சு உள்ள மூணு, அடியில மஞ்சளா தேன் சுரப்பிகள், நடுவுல சூலகத்தண்டு (பெண் உறுப்போட தண்டு) 3. இந்த எண்ணிக்கை எஸ்குலெண்டத்துக்கும் டாட்டாரிகத்துக்கும் ஒண்ணுதான், அதனால எண்ணறத ஒரு தடவை பண்ணா போதும்.

பாக்க வேண்டியது சூலகத்தண்டு உயரமா, மகரந்தத்தாள் உயரமான்னு. எஸ்குலெண்டத்துல ரெண்டு வகை செடி இருக்கும். ஒண்ணுல சூலகத்தண்டு நீளம், மகரந்தத்தாள் குட்டை, இதுக்கு பின் வகைன்னு பேர். இன்னொண்ணுல நேர் எதிர், த்ரம் வகை, அதோட மகரந்தத்தூள் பின் வகையவிட பெருசாவும் இருக்கும். வயல்ல ரெண்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கும். காரணம் மரபு, த்ரம் செடியில அந்த மரபணுத் தொகுதி ரெண்டு விதமா கலந்திருக்கும், பின் செடியில ஒரே விதமா இருக்கும், ஒரு த்ரமும் ஒரு பின்னும் கூடினாதான் விதை, அதனால பிள்ளைகள் பாதி இது பாதி அது. தன் மகரந்தத்தையோ தன் வகை மகரந்தத்தையோ செடி ஏத்துக்காது, தேனீ வந்தே ஆகணும்.

டாட்டாரிகத்துல இந்த பேச்சே இல்ல. எல்லா பூவுலயும் ரெண்டும் ஒரே உயரம், பூவிதழ் 2 மில்லிமீட்டர்தான், பச்சை கலந்த வெள்ளை, தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கும். எஸ்குலெண்டம் பூவிதழ் 3ல இருந்து 4 மில்லிமீட்டர், வெள்ளையோ பிங்க்கோ, தூரத்துல இருந்தே வயல் பூத்தது தெரியும்.

இதுல எல்லாரும் விழற பள்ளம் ஒண்ணு இருக்கு. ஒரே செடியில இருபது பூ பாத்துட்டு எல்லாமே நீள சூலகத்தண்டு, அதனால ஒரே வகைதான் இருக்குன்னு எழுதிடறாங்க. ஒரு செடியில எல்லா பூவும் ஒரே வகையாத்தான் இருக்கும்! இருபது செடிக்கு போகணும், செடிக்கு ஒரு பூ, பின் எத்தனை த்ரம் எத்தனைன்னு நோட்ல கோடு போட்டு எண்ணணும்.

வீட்டுத் தொட்டியில ரெண்டு மூணு செடி வெச்சு பூ கொட்டறதே தவிர கனி புடிக்கலைன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இதுல இருக்கு. அந்த மூணுமே ஒரே வகையா இருந்திருக்கும், இல்ல தேனீ வரலை, இல்ல வெயில் ஜாஸ்தி. மார்கழி தை மாசம் விதைச்சு ஒரு பத்துப் பதினஞ்சு செடியாவது பக்கத்துல பக்கத்துல நிக்கட்டும், ஊட்டி கொடைக்கானல்னா இன்னும் நல்லது. விதைக்கு தோலோட இருக்கறத வாங்குங்க, தோல் எடுத்ததுல கனி அடையாளமே போயிடுது, வறுத்ததா இருந்தா முளைக்கவே முளைக்காது.

6. வேரை தோண்டாம பேர் எழுதக்கூடாது

எஸ்குலெண்டம், டாட்டாரிகம் ரெண்டும் ஒரு வருஷச் செடி, ஆணிவேர் மெல்லிசா இருக்கும், இழுத்தா வந்துடும். இழுத்தா வரல, மண்ணுக்குள்ள கட்டை மாதிரி முடிச்சு முடிச்சா மட்டநிலத்தண்டு இருக்குன்னா அது மூணாவது ஆள், ஃபேகோபைரம் டைபாட்ரிஸ். பல வருஷம் வாழற காட்டுச் செடி, இமயமலையில ஓடை ஓரம், ஈரமான சரிவு, வயல் வரப்புன்னு நிக்கும்.

பூவுலயும் இது எஸ்குலெண்டத்தோட அண்ணன் மாதிரிதான், வெள்ளைப் பூ, பின்னும் த்ரமும் உண்டு. அதனால மேல்பக்கம் மட்டும் கிள்ளிட்டு வந்தவங்க வீட்டுல உக்காந்து தலைய பிச்சுக்கறாங்க. மொத படியில வேரோட எடுங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

சில புத்தகத்துல இத ஃபேகோபைரம் சைமோசம்னு பாப்பீங்க. ரெண்டு செடி இல்ல, ஒரே செடிக்கு ரெண்டு பேர். உங்க லேபிள்ல எந்த புத்தகத்த பின்பத்தறீங்களோ அந்த பேரை எழுதிட்டு இன்னொண்ண இணைப்பெயரா பக்கத்துல போட்டுடுங்க, தேடறவங்களுக்கு உதவும்.

7. பயிரா, காடா

கனி முத்தின கொத்த லேசா தட்டுங்க. பயிர் வகையில கனி காம்புல ஒட்டிட்டு இருக்கும், காட்டு வகையில தொட்டாலே பொலபொலன்னு உதிரும். காம்புல உடையற அடுக்கு உருவாகறதுதான் காரணம், மனுஷன் உதிராதத மட்டுமே அறுத்து அறுத்து விதைச்சதுல பயிருல அது போயிடுச்சு.

எஸ்குலெண்டத்தோட காட்டு மூதாதை எதுன்னு ரொம்ப நாள் தெரியாமயே இருந்தது. டைபாட்ரிஸ்தான்னு உருவத்த வெச்சு நம்பிட்டு இருந்தாங்க. 1990ல ஓமி ஓனிஷிங்கற ஜப்பானிய ஆய்வாளர் சீனாவோட யுன்னான்ல உண்மையான மூதாதைய கண்டுபிடிச்சார், அதுக்கு அன்செஸ்ட்ராலேன்னு துணைச்சிற்றினப் பேர். டிஎன்ஏ பாத்தப்ப இன்னும் ஆச்சரியம், டைபாட்ரிஸ் எஸ்குலெண்டத்த விட டாட்டாரிகத்துக்குத்தான் நெருக்கம். உருவம் ஒண்ணா இருக்குங்கறத வெச்சு சொந்தம் சொல்லக்கூடாதுங்கறதுக்கு பக்வீட்டே சாட்சி, அதனால நீங்க களத்துல கண்டுபிடிக்கறது பேரைத்தான், உறவை இல்ல, ரெண்டையும் கலக்காதீங்க.

தென்மேற்கு சீனாவுல எடுத்த செடின்னா வேலை கூடும். அங்க இன்னொரு கூட்டமே இருக்கு. ஓனிஷி பேரினத்த ரெண்டா பிரிச்சார், பெரிய மங்கலான கனி பூவிதழ விட்டு நீட்டறது சைமோசம் குழு, சின்ன பளபளக்கற கனி பூவிதழுக்குள்ள முழுசா மூடியிருக்கறது யூரோஃபில்லம் குழு. நாம மேல பாத்த மூணும் மொத குழு. கிராசிலிபெஸ் மாதிரி களைச் செடியெல்லாம் ரெண்டாவது குழு, அதனால மூணாவது படியில கனி மூடியிருக்குன்னு கழிக்கறது இமயமலைப் பக்கம் வயல்ல சரி, யுன்னான்ல சரியில்ல, அங்க பிளேடு எடுத்து எஸ் இருக்கான்னு பாத்துட்டுத்தான் கழிக்கணும்.

இன்னும் ஒரு விதிவிலக்கு. கனி கூர்முனை, பூ எஸ்குலெண்டம் மாதிரி, ஆனா எல்லா பூவும் ஒரே உயரம்னு வந்தா உங்க கண்ணு தப்பு பண்ணலை. ஹோமோட்ராபிகம்னு தனக்குத் தானே மகரந்தம் சேர்க்கற காட்டுச் சிற்றினம் இருக்கு, அதோட எஸ்குலெண்டத்த கலந்து ஆராய்ச்சிக்காரங்க உருவாக்கின வகைகளும் உண்டு. விதை எங்க இருந்து வந்ததுன்னு கேளுங்க.

8. பேரை சரியா எழுதறது

குடும்பம் பாலிகோனேசியே, துறை (குடும்பத்துக்கு மேல இருக்கற பிரிவு) கேரியோஃபில்லேல்ஸ், பேரினம் ஃபேகோபைரம். பூவிதழ் அல்லிவட்டம் புல்லிவட்டம்னு பிரியாம ஒரே வட்டமா இருக்கறதால பழைய வகைப்பாட்டுல இது இதழற்ற பூக்கள் பக்கம் இருக்கும், இப்ப கீரைத்தண்டு குடும்பம் இருக்கற துறையிலயே வந்து உக்காந்திருக்கு. பழைய பாடப்புத்தகத்த வெச்சு எழுதறவங்க இங்க முரண்பாடுன்னு நெனச்சு பயந்துடறாங்க, முறைதான் வேற.

செடிப் பேருக்கு பின்னாடி அத வெச்சவரோட பேர், அதாவது ஆசிரியர் பேர் போடறதுல ஒரு தப்பு திரும்பத் திரும்ப வருது. லின்னேயஸ் 1753ல ரெண்டு பயிரையும் பாலிகோனம் பேரினத்துலதான் வெச்சார், பாலிகோனம் ஃபேகோபைரம், பாலிகோனம் டாட்டாரிகம்னு. பின்னாடி டாட்டாரிகம்ங்கற சொல்லை அப்படியே ஃபேகோபைரத்துக்கு கொண்டு வந்தவர் கேர்ட்னர், அதனால லின்னேயஸ் பேர் அடைப்புக்குறிக்குள்ள, கேர்ட்னர் பேர் வெளிய. ஆனா மொதல்ல உள்ளத அப்படி கொண்டு வந்தா ஃபேகோபைரம் ஃபேகோபைரம்னு ஆகும், தாவரப் பெயர் விதியில பேரினச் சொல்லையே சிற்றினத்துக்கு திரும்பப் போடக்கூடாது. அதனால மெனக் 1794ல குடுத்த எஸ்குலெண்டம்ங்கற புதுச் சொல்தான் நிக்குது, அதுக்கு மெனக் பேர் மட்டும்தான், அடைப்புக்குறி கெடையாது. ரெண்டுக்கும் லின்னேயஸை போட்டுட்டு வர்ற லேபிள்களை நான் எத்தனையோ திருத்தியிருக்கேன்.

9. லேபிள்ல காஞ்ச செடி சொல்லாதத எழுதுங்க

செடி காஞ்சதும் எது மறையுமோ அதுக்குத்தான் லேபிள்ல மொத இடம். பூ நிறம், எத்தனை செடி பாத்தீங்க, அதுல பின் எத்தனை த்ரம் எத்தனை, வேர் எப்படி இருந்தது, கனி உதிர்ந்ததா, வயலா வரப்பா ஓடை ஓரமா, கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர், ஊர்க்காரங்க சொன்ன பேர், தேதி. கனிகள தனியா ஒரு சின்ன பேப்பர் உறையில போட்டு காஞ்ச செடிய ஒட்டற ஷீட்லயே ஒட்டிடுங்க, இல்லைனா ஒரு மாசத்துல எல்லாம் அட்டை மூலையில போய் சேர்ந்துடும்.

ஆல்கஹால்ல பூ எடுக்க மறந்துட்டீங்கன்னா காஞ்ச பூ ஒண்ண கொதிக்கற தண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு எடுங்க, இளகி விரியும், ஊசியால பிரிச்சு உயரத்த பாக்கலாம். ஷீட்ல இருக்கற ஒரே கொத்துல இருந்து எடுக்கறதுக்கு முன்னாடி மட்டும் அதுல இன்னும் எத்தனை பூ மிச்சம் இருக்குன்னு எண்ணிக்குங்க, உங்களுக்கு அப்புறம் அந்த ஷீட்ட பாக்க வர்றவங்களுக்கும் பூ வேணும்.